முதுகில் விழுந்த கை

எங்கள் ஊரான தின்கன்ஜூனில் பழைய செருப்பு விற்கும் பாய் என்னைப் பின்னாலிருந்து தள்ளினார். சிமெண்டுத் தரையில் மோதி என் உதடு கிழிந்தது.

ஜப்பானில் ஒரு பனிச்சறுக்கு மலையில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. சொந்த பூட்ஸோடு வரச் சொல்லியிருந்தார்கள். அங்கிருந்து மூட்டையில் வரும் பழைய சரக்கு இந்த பாயிடம் இருந்தது. தடித்த கழுத்து, இடது காதில் பாதி இல்லை. பிறந்ததிலிருந்து ரப்பர் செருப்பே போட்டவன் நான். விரல்களுக்குத் தாராளமாக இருந்த ஜோடியை மாட்டி, "சரியா இருக்கு பாய்" என்றேன். பதிலுக்குத்தான் தள்ளினார்.

"பாரு, குதிகால் மேல வந்துருச்சு! இது செருப்பு இல்லடா. மலையில முட்டி முறிஞ்சிரும்."

பூட்ஸைப் பிடுங்கிச் சுவரில் அடித்தார். அடுத்த ஜோடிக்கும் தள்ளினார், அதற்கும் விழுந்தேன். மூன்றாவதில் ஒரு கொக்கி உடைந்திருந்தது, அதனால் விலையும் பாதி. ஓங்கித் தள்ளினார். முன்னால் சாய்ந்தேன், குதிகால் அசையவில்லை.

"இத எடு."

ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டேன். "நீங்க பனியப் பாத்திருக்கீங்களா பாய்?"

"இல்ல." அரைக் காதைத் தடவினார். "தள்ளுறவங்களப் பாத்திருக்கேன்."

இங்கே மலையில் தினமும் அந்த பூட்ஸைத்தான் மாட்டுகிறேன். கடைசிக் கொக்கியைப் போட்டதும் முதுகு தானாக இறுகிக்கொள்கிறது. அவருடைய கைக்காகவா, அவர் பார்த்தவர்களின் கைக்காகவா என்று தெரியவில்லை.