இடப்பக்கம் போடி!

எனக்கு வாய் நீளம். அதில வெக்கப்பட ஒண்டும் இல்ல, அந்த வாயாலதான் சோறு திண்டனான்.

கொழும்பில பாஸ்கட்போல் விளையாடிச் சம்பளம் எடுத்த முதல் பொம்பளையளில நானும் ஒருத்தி. ஒரு கம்பனி என்னை டீமுக்கெண்டே வேலைக்கு எடுத்தது. ஆபிசில மேசை ஒண்டும் தந்தாங்கள். அதில இருந்து நான் முத்திரை குத்தினதைத் தவிர வேற என்ன செய்தன் எண்டு எனக்கே தெரியாது. பின்னேரம் கோர்ட்டிலதான் உழைப்பு. டீமில நானும் இன்னொருத்தியும் மட்டும் தமிழ். "இடப்பக்கம் போடி", "பின்னுக்குத் தா" எண்டு தமிழிலயே கத்துவம். எதிர் டீம்காரியள் முழிப்பாளுகள்.

இப்ப நான் கொட்டாஞ்சேனையில கோச். என்ர டீம் பிள்ளையளுக்கும் அதே வித்தையைத்தான் பழக்கினனான். நான் கோர்ட்டுக்கு வெளியில நிண்டு தமிழில கத்துவன், இவளுகள் ஓடுவாளுகள்.

போன வருசம் இறுதி மெட்ச் வத்தளை டீமோட. என்ர பழைய கம்பனியில இருந்து ஒரு ஐயா பாக்க வந்திருந்தார். "ஒரு பிள்ளைக்குத்தான் இடமிருக்கு மிஸ்" எண்டார். எங்கட டீமில கிராண்ட்பாஸில இருந்து வாற நெட்டைச்சி ஒருத்தி இருந்தாள். இந்த மெட்சோட விளையாட்டை விட்டிட்டு தங்கட சாப்பாட்டுக்கடையில வந்து நிக்கோணும் எண்டு அவளிட அம்மா முடிவாச் சொல்லிப்போட்டா. கம்பனி எடுத்தா வேலையும் இருக்கும், பந்தும் இருக்கும். எடுக்காட்டி கடைதான்.

மெட்ச் தொடங்கினதும் "இடப்பக்கம் போடி!" எண்டன். வத்தளைக்காரியள் எங்களுக்கு முதல் அங்க நிண்டாளுகள். "பின்னுக்குத் தா!" எண்டன். பந்து போக முதல் அங்கயும் ஆள். இதென்ன சூனியம் எண்டு பாத்தா, அவளுகளிட கப்டன் என்னைப் பாத்துக் கை காட்டிச் சிரிக்கிறாள். எங்கட ஒழுங்கையில பிறந்த பிள்ளை! வாடகை தாங்கேலாம கொட்டாஞ்சேனைத் தமிழ்ச்சனம் பாதி களனி ஆத்தைத் தாண்டி வத்தளைக்குப் போய் எத்தின வருசம்? ஞாயிறு பூசைக்கு இண்டைக்கும் இங்கதான் வருகுதுகள். அது என்ர மரமண்டைக்கு உறைக்கேல்ல பாருங்கோ. சிங்களத்துக்கு மாத்துவமெண்டா அதுவும் அவளுகளுக்குத் தண்ணி பட்ட பாடு.

இடைவேளையில நாங்கள் நல்லாப் பின்னால. "இனி நான் வாயே திறக்க மாட்டன், நீங்களே பாத்து விளையாடுங்கோடி" எண்டன். "தவளை தன் வாயால கெடும்" எண்டு பின்வரிசையில இருந்து என்ர மனுசன் சிரிச்சார். அவருக்கு வீட்ட போய் நல்லாக் குடுத்தனான்.

நான் வாயைப் பொத்தின பிறகு பிள்ளையள் மெல்ல மெல்ல மேல வந்தாளுகள். அதுவும் எனக்குக் கோவம்தான். கடைசி நேரம் ஒரு புள்ளி குறைவு, பந்து நெட்டைச்சியிட கையில. முகம் துடைக்கிற லேஞ்சியைக் கடிச்சுக்கொண்டு நிண்டனான். ஐயோ, ஏலாமப் போச்சு. "இடப்பக்கம் போடி!"

வத்தளை டீம் முழுக்க ஒண்டா அந்தப் பக்கம் பாய்ஞ்சுது. நெட்டைச்சி வலப்பக்கம் போனாள். அங்க ஒரு குருவியும் இல்ல. பானைக்குள்ள அரிசி போடுற மாதிரி ஆறுதலாப் போட்டிட்டு வந்தாள். விசில் அடிச்சுது.

"நான் கத்தினது கேக்கேல்லையாடி?" எண்டன்.

"கேட்டது மிஸ். அவங்களுக்கும் கேட்டதுதானே."

கம்பனி ஐயா கிட்ட வந்தார். "இது நீங்க பழக்கினதா மிஸ்?"

"பின்ன?" எண்டன்.

இப்ப அவள் அந்தக் கம்பனியிலதான். முத்திரை குத்துறாளோ தெரியாது, நல்லா விளையாடுறாள். மெட்ச் நாளில நானும் மனுசனும் வெள்ளவத்தையில இருக்கிற மகளிட்டச் சாப்பிட்டிட்டு நேரா கோர்ட்டுக்குப் போவம். அங்க இருந்து நான் இன்னும் கத்துறனான், சந்தோசத்தில தொண்டை சும்மா இருக்காது. போன கிழமை இடப்பக்கம் ஆளே இல்லாமக் கிடந்தது. "இடப்பக்கம் போடி!" எண்டு உயிர் போகக் கத்தினன்.

நாசமாப் போனவள், என்னைத் திரும்பிப் பாத்துச் சிரிச்சுப்போட்டு வலப்பக்கம் போய்ப் போட்டாள்.