நானூற்றைம்பது ரூபாய் வில்லுக்கத்தி

நெடுந்தீவு இராயப்பு எனக்கு நானூற்றைம்பது ரூபாய் தரவேண்டியிருந்தது. மடித்துப் பையில் வைக்கிற வில்லுக்கத்தி ஒன்று வாங்கிய கடன். பதினொரு வருடக் கடன்.

தொகையைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சைக்கிள் கரியரில் ஆணிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு இறுப்பிட்டியிலிருந்து வேலணை வரைக்கும் வீடு வீடாக விற்றவன். தொண்ணூறுகளில் வெறுங்கையோடு தீவை விட்டுப் போனவன், திரும்பி வந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போகிற வீதியில் இரண்டு மாடி இரும்புக்கடை கட்டியிருக்கிறேன். குலசிங்கத்தின் கடைச் சாமான் சரியில்லை என்று இந்தத் தீவுப் பகுதியில் ஒருவரும் சொன்னது கிடையாது. இராயப்புவும் அப்படிச் சொல்லவில்லை. "பாப்பம்" என்றார். பதினொரு வருடமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு உறைத்தது அதுதான். காசு அல்ல.

இராயப்பு யார் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நெடுந்தீவு மேற்கில் முப்பது மாடும், இடுப்பளவு கல்வேலி சுற்றிய காணியும் உள்ள மனிதர். என்னைவிட மூன்று வயது இளையவர். எதையும் பாவித்துப் பார்க்காமல் காசு கொடுப்பதில்லை என்பது அவருடைய கொள்கை. குடை வாங்கினால் ஒரு மாரி முடியவேண்டும். ரேடியோ வாங்கினால் திருநாள் பூசை நேரடி ஒலிபரப்பு இரைச்சல் இல்லாமல் கேட்கவேண்டும். மகள் அன்ரனிட்டாவைக் கேட்டு வந்த மேர்வின் என்ற பொடியனையே ஒரு மாதம் மழைக்குள் மாடு சாய்க்கவிட்டுப் பார்த்த பிறகுதான் "ஓம்" என்றவர். அந்தப் பொடியன் இப்போது லண்டனில் இருக்கிறான். மழை அவனுக்குப் பழகிப்போனது.

2013ஆம் ஆண்டு வள்ளத்தால் இறங்கி நேரே என் கடைக்கு வந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த வில்லுக்கத்திகளில் ஒன்றை எடுத்தார். மரப்பிடி, பித்தளை ஆணி, மூன்றேகால் அங்குல அலகு. கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பாவிச்சுப் பாத்துப்போட்டுக் காசைத் தாறன், அண்ணை" என்றார்.

நான் வாழ்க்கையில் விட்ட ஒரே பிழை அந்த இடத்தில்தான். என் சாமானில் எனக்கு இருந்த நம்பிக்கையில், "எவ்வளவு காலமெண்டாலும் பாரும்" என்று சொல்லிவிட்டேன்.

இரண்டாம் வருடம் கத்தியின் முனை உடைந்தது.

"எப்பிடி உடைஞ்சது?"

"மாட்டின்ர குளம்புக்குள்ள ஏறின ஆணியைத் தோண்டேக்க. ஆணியும் உங்கட கடை ஆணிதான், அண்ணை. அது வளையவே இல்லை."

உடைந்த இடத்தைக் கல்லில் தேய்த்துப் புது முனை எடுத்துவிட்டார். அதன் பிறகு வள்ளத்துக்குப் போகும்போது கடைவாசலில் மறித்துக் காசு கேட்டால், "முனை போன கத்திக்கு எந்த விலை போடுறது?" என்பார். அப்படியென்றால் திருப்பித் தாரும் என்றால், "ஏன்? நல்லா வெட்டுதே!" என்பார். இந்த வழக்கைப் பதினொரு வருடம் நடத்தினோம்.

போன வருடம் இரண்டு பேருக்கும் லண்டன் பயணம் ஒன்றாக வந்தது. என் மகன் சுஜிதனும் அவருடைய மகளும் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார்கள். எனக்கு அது மூன்றாவது பறப்பு, இராயப்புவுக்கு முதலாவது. எங்கள் பக்கத்தில் யார் பிளேன் ஏறினாலும் முதலில் என்னிடம் வந்து கேட்டுக்கொண்டு போவதுதான் வழக்கம். படித்த பிள்ளைகளும் வருவார்கள்.

"கத்தி பெட்டிக்குள்ள போகலாம், மடியில போகேலாது" என்று தெளிவாகச் சொன்னேன். "பெட்டி பிளேனின்ர வயித்துக்குள்ள போகும், ஒருத்தரும் எடுக்கேலாது. மடியில கிடந்தால் பறிச்சுப்போடுவாங்கள்."

"கத்தி இல்லாமல் பத்து மணித்தியாலம் இருக்கிறதோ?"

"அங்க என்ன மாடே அவிழ்க்கப் போறீர்?"

கேட்டுக்கொண்டார். இரண்டு சாரங்களுக்கு நடுவில் வைத்துப் பெட்டியைப் பூட்டினார். கட்டுநாயக்க விமான நிலையம் வரைக்கும் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது.

பெட்டி நிறுக்கும் இடத்தில் என் பெட்டி இரண்டு கிலோ கூடிவிட்டது. ஒடியல்மா, கருவாடு, மருமகள் கேட்ட மிளகாய்த்தூள். குறையுங்கள் என்றாள் அங்கே நிறுத்துக்கொண்டிருந்த பிள்ளை. பெட்டியைச் சுற்றி என் கடை நைலோன் கயிறு. முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. என் கடைக் கயிறு அப்படி அவிழாது. "கத்தியை எடும்" என்றேன். இராயப்பு தன்னுடைய பெட்டியைத் திறந்து கத்தியை எடுத்தார். ஒரே இழுவை. கயிறு இரண்டானது. கருவாட்டை அவருடைய பெட்டிக்கு மாற்றினோம். இரண்டு பெட்டியும் ஓடுபட்டியில் உள்ளே போய்விட்டன. கத்தி போகவில்லை. அது பழக்கதோசத்தில் அவருடைய இடுப்புப் பட்டிப் பைக்குள் ஏறிவிட்டது. எடுக்கச் சொன்னது நான்தான், மறுக்கவில்லை. திரும்ப வைக்கவும் நானா சொல்லவேண்டும்?

உடம்பு சோதிக்கிற வாசலில் மெசின் கத்தியது. தமிழ் தெரிந்த ஒரு உத்தியோகத்தர் பிள்ளை நின்றாள்.

"ஐயா, இடுப்பில என்ன?"

"வில்லுக்கத்தி, பிள்ளை."

எடுக்கச் சொல்லிக் கையை நீட்டினாள். இராயப்பு கையில் கொடுக்கவில்லை. குந்தியிருந்து கத்தியை நிலத்தில் வைத்தார். பின்னால் நின்ற வெள்ளைக்காரச் சோடி ஒன்று நாலடி பின்னுக்குப் போனது.

"கத்தியைக் கைக்குக் கை குடுக்கக்கூடாது, பிள்ளை. பிறகு உமக்கும் எனக்கும் பகை வந்திடும்."

நல்ல வீட்டுப் பிள்ளையாக இருக்கவேண்டும். குனிந்து நிலத்திலிருந்து எடுத்தாள்.

"ஆற்ற கத்தி இது?"

இராயப்பு திரும்பி என்னைக் காட்டினார். "அந்தா, ஒரு சப்பாத்தோட நிக்கிறாரே, அவற்ர."

"அப்ப ஏன் உங்கட இடுப்பில கிடந்தது?"

"பாவிச்சுப் பாக்கிறன்."

"எவ்வளவு காலமா?"

"பதினொரு வருசம்."

அவள் என்னைக் கூப்பிட்டாள். மற்றச் சப்பாத்து மெசினுக்குள் இருந்தது.

"ஐயா, உங்கட கத்தியோ?"

"இல்லைப் பிள்ளை. நான் வித்துப்போட்டன்."

"காசு வந்திட்டுதோ?"

நான் கணக்கில் பொய் சொல்லிப் பழகாதவன். "இல்லை" என்றேன்.

"அப்ப உங்கட கத்திதானே" என்றாள். சட்டம் படித்த பிள்ளைகளுக்கும் இந்த விசயம் இவ்வளவு கெதியாக விளங்காது. "இந்தத் தொட்டிக்குள்ள போடுங்கோ, இல்லாட்டித் திரும்பப் போய்ப் பையில வைச்சு ஏத்திப்போட்டு வாங்கோ. நேரம் கிடக்கு."

தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். கத்தரிக்கோல், நகவெட்டி, திருப்புளி, ஒரு குறடு. வியாபாரியின் கண்ணுக்குப் பத்தாயிரம் ரூபாய்ச் சரக்கு.

"இராயப்பு, நானூற்றைம்பதை இப்ப தாரும். கத்தி உம்மட எண்டாகும். நீரே கொண்டுபோய் ஏத்தும்" என்றேன்.

"தொட்டிக்குள்ள போற சாமானுக்கு ஆரும் காசு குடுப்பினமே, அண்ணை?"

என் கடைக் கத்தியைக் குப்பைக்குப் போடுவதற்கு நான் இன்னும் சாகவில்லை. திரும்பி நடந்தேன். சும்மா கத்தியாக ஏற்ற முடியாது, பைக்குள் வைத்துத் தரவேண்டும் என்றார்கள். என்னிடம் இருந்தது மகன் வாங்கித் தந்த தோல் கைப்பை ஒன்றுதான். மருந்து, மூக்குக்கண்ணாடி, மாற்றுச் சேட் எல்லாவற்றையும் ஒரு சொப்பிங் பைக்குள் கொட்டிவிட்டு, தோல்பைக்குள் கத்தியை மட்டும் வைத்துப் பூட்டிக் கொடுத்தேன். கத்தி தோல்பையில் தனி ஆளாகப் பிரயாணம் செய்தது. அதன் முதலாளி சொப்பிங் பையோடு பிளேன் ஏறினான்.

பிளேனில் சாப்பாடு வந்தது. தட்டில் கோழி இறைச்சி. அதன் பக்கத்தில், பல்லு வைத்த இரும்புக் கத்தி ஒன்று. இராயப்பு அதை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தார். விரலால் தடவினார்.

"அண்ணை, இஞ்ச இருக்கிற முந்நூறு பேருக்கும் ஆளுக்கு ஒரு கத்தி குடுத்திருக்கினம். உதுக்கு ஆர் காசு கட்டினது?"

நான் என் தட்டில் கிடந்த கத்தியால் கோழியை வெட்டத் தொடங்கினேன்.

லண்டனில் இறங்கி ஓடுபட்டிக்குப் பக்கத்தில் முக்கால் மணித்தியாலம் நின்றோம். பெட்டிகள் வந்துவிட்டன. தோல்பை வரவில்லை. இராயப்பு ஒவ்வொரு பையையும் மாட்டுப் பட்டியில் எண்ணுகிறமாதிரி எண்ணிக்கொண்டு நின்றார். கடைசியாக அது தனியே வந்தது. எனக்கு முன்னால் ஓடிப்போய் எடுத்தது அவர்தான். காசு கொடுக்காத கத்திக்கு அவ்வளவு ஓட்டம்!

அன்ரனிட்டா வீட்டுக் குசினியில் ஒரு மரக்கட்டைக்குள் ஏழு கத்தி செருகியிருந்தது. ஒன்றாவது தக்காளி வெட்டாது, நசுக்கும். இராயப்பு வில்லுக்கத்தியை விரித்து ஒரு மீனைத் துப்புரவாக்கிக் காட்டினார். மகளுக்கு அழுகை வந்துவிட்டது, மீனுக்காக அல்ல.

"அப்பா, உதை வெளியில கொண்டுபோகாதேங்கோ! இஞ்ச கத்தி எண்டால் பெரிய பிரச்சினை!"

சுஜிதன் கைபேசியில் சட்டத்தைத் தேடி வாசித்தான். மடிக்கிற கத்தியாக இருக்கவேண்டும். விரித்தால் பூட்டுகிற கத்தி கூடாது. அலகு மூன்று அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. இராயப்புவின் பேத்தியுடைய பள்ளிக்கூட அடிமட்டத்தை எடுத்து அளந்தோம். இரண்டே முக்காலும் சொச்சமும்.

நான் விற்கும்போது அது மூன்றேகால் அங்குலம் என்று எனக்குத் தெரியும். இராயப்புவுக்கும் தெரியும். அவர் என்னைப் பார்த்தார்.

"அண்ணை, நீங்கள் வித்தமாதிரியே இருந்திருந்தால் நான் மறியலுக்குள்ள."

"அப்ப என்ர கத்தி நல்லபடி உடைஞ்சிருக்கு எண்டு சொல்லும்!"

"உடைச்சது நான்."

"உடைச்சது என்ர ஆணி!"

அதற்குப் பிறகு மனிதர் வெளியே போனால் ஒரு பையில் கத்தி, மறுபையில் ரோசாப்பூ நிறத்தில் அந்த அடிமட்டம். பேத்திக்குப் புதிதாக ஒன்று வாங்க வேண்டியதாயிற்று.

மூன்றாம் கிழமை, சுஜிதன் எங்களைப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே நீள மர வாங்கு ஒன்றில் இருந்தோம். எனக்கு மேல்பல்லு செற்று. அப்பிள் கடிக்க ஏலாது. இராயப்பு கத்தியை விரித்து மெல்லிய துண்டுகளாகச் சீவி என் பக்கத்தில் கடதாசியில் அடுக்கிக்கொண்டிருந்தார். நாய் பிடித்துக்கொண்டு போன ஒரு மனுசி எங்களைப் பார்த்தாள், கைபேசியை எடுத்தாள். பத்து நிமிடத்தில் ஒரு பொலிஸ்காரி வந்தாள், அவளுக்குப் பின்னால் இளம் பொலிஸ்காரன் ஒருவன்.

இராயப்பு கத்தியை மடித்து வாங்கில் வைத்தார். பக்கத்தில் அடிமட்டத்தை வைத்தார். கையை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டார்.

அவள் கத்தியை எடுத்து விரித்தாள், ரோசாப்பூ அடிமட்டத்தால் அளந்தாள், பூட்டுகிறதா என்று அழுத்திப் பார்த்தாள். எதற்கு இது என்று கேட்டாள். சுஜிதன் தடுமாறினான். நான் தடுமாறுகிற ஆள் இல்லை. பல்லுச் செற்றைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து, மறுகையால் அப்பிளைக் காட்டினேன். ஒரு சொல்லும் தேவைப்படவில்லை. பின்னால் நின்ற பொடியன் சிரிப்பை அடக்க மரங்களைப் பார்த்தான்.

எல்லாம் சரி என்றாள். ஒரு கேள்விதான் மிச்சம் என்றாள். சுஜிதன் மொழிபெயர்த்தான்.

"இது உங்கட கத்தியோ எண்டு கேக்கிறா, இராயப்பு அங்கிள். உங்கட எண்டால் தந்திட்டுப் போவாவாம். ஆற்றையெண்டு தெரியாட்டில் தான் கொண்டுபோகவேணுமாம்."

நான் பல்லுச் செற்றை வாய்க்குள் போட்டேன். கட்டுநாயக்கவில் அவர் காட்டிய விரல் எனக்கு மறக்கவில்லை. இந்த ஊரில் அந்த விரல் என் பக்கம் நீண்டால் நான் என்ன சொல்வது?

"இராயப்பு, யோசிச்சுச் சொல்லும்" என்றேன்.

இராயப்பு யோசித்தார். குளம்பு, கயிறு, மீன், அப்பிள் எல்லாவற்றையும் ஒருமுறை எண்ணிப் பார்த்திருக்கவேண்டும். பொலிஸ்காரி கத்தியைப் பிடித்தபடி காத்திருந்தாள். தள்ளி நின்று பார்த்த அந்த மனுசியின் நாயும் காத்திருந்தது.

"ஓம்" என்றார். "என்ர கத்திதான் எண்டு சொல்லும், தம்பி."

அவள் கத்தியை மடித்து நீட்டினாள். அவர் தலையாட்டி வாங்கைக் காட்டினார். அவளுக்கு விளங்கவில்லை. சுஜிதன் சொன்ன பிறகு வாங்கில் வைத்தாள். அவர் எடுத்துக்கொண்டார்.

நான் விடவில்லை. "அப்ப காசு?" என்றேன்.

"அப்பா, இப்பவே?" என்றான் சுஜிதன். "பொலிஸ் நிக்குது. கத்திக்குக் காசு குடுக்கிறதைக் கண்டால் இஞ்ச யாவாரம் நடக்குதெண்டு நினைப்பினம்!"

"யாவாரந்தான் நடக்குது. பதினொரு வருசமா நடக்குது."

இராயப்பு சேட்டின் உள்பையிலிருந்து ஒரு சிறிய பொலித்தீன் பொட்டலத்தை எடுத்தார். ரப்பர் வளையத்தைக் கழற்றினார். உள்ளே பழுப்பேறிப்போன எங்கள் நாட்டு நோட்டுகள்.

"எப்ப இருந்து ஐசே இதை வைச்சிருக்கிறீர்?"

"கத்தி எடுத்த அண்டையில இருந்து. சரிவந்த உடன குடுக்கவேணுமே, அண்ணை. அப்ப காசுக்கு எங்க ஓடுறது?"

"அப்ப சரிவந்திட்டுதோ?"

"வெட்டுறதில ஒரு குறையும் இல்லை. முனைதான்..." என்று தொடங்கியவர் பொலிஸ்காரியைப் பார்த்தார், அடிமட்டத்தைப் பார்த்தார். "சரி, முனையும் நல்லதுக்குத்தான் உடைஞ்சது."

நான் கையை விரித்து நீட்டினேன். பொலிஸ்காரி போகாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். இராயப்பு விரலை நாக்கில் தொட்டு, ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் வைத்தார். நூறு. இருநூறு. முந்நூறு. நானூறு. ஐம்பது ரூபாய்த் தாளை வெளிச்சத்தில் பிடித்து, வேறொன்று ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று பார்த்துவிட்டு, அதையும் வைத்தார்.