தெய்வானையைச் சாகடித்த கதை

தொடர்கதை எழுதுகிற தொழிலில், கதாநாயகிக்குக் கல்யாணம் பண்ணிவைத்தால் வாசகர்கள் மறந்துவிடுவார்கள். சாகடித்தால் தேடிக்கொண்டு வந்துவிடுவார்கள். என்னைப் போலத் தொடர்கதை எழுதி மாட்டிக்கொண்ட எழுத்தாளர்களாகிய உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும், பட்ட கஷ்டத்தைப் பட்டவர்களிடம் சொன்னால்தானே ஆறுதல்!

ஆசிரியரின் கடிதம்

நான் கல்பாத்திக்காரன். பிழைப்புக்காக மலையேறி, சித்திரபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தேன். மருந்து கலக்கிய நேரம் போக, மதுரையிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு மாதப் பத்திரிகையில் தொடர்கதை எழுதினேன். கதாநாயகி பெயர் தெய்வானை. கொழுந்து கிள்ளுகிற பெண், கெட்டிக்காரி. பத்து அத்தியாயத்தில் முடிப்பதாகச் சொல்லி ஆரம்பித்தது, மூன்று வருஷமாகியும் முடியவில்லை. எந்தச் சிக்கலில் கொண்டுபோய் மாட்டிவிட்டாலும் அவள் பேசியே வெளியே வந்துவிடுவாள்.

பத்திரிகாசிரியர் பொறுமைசாலி. ஆனால் காகித விலை ஏறியதும் அவருடைய பொறுமை இறங்கிவிட்டது. ஒருநாள் தபாலில் ஒரு கார்டு வந்தது. அதில் இரண்டே வரி: "தங்கள் தெய்வானை உள்ளவரை கதை முடியாதெனத் தோன்றுகிறது. ஆவன செய்யவும்."

அதே மருந்துதானா?

ஆவன செய்தேன். தெய்வானைக்கு மலைக்காய்ச்சல் வரவழைத்தேன். எடுத்த எடுப்பில் சாகடிக்க மனம் வரவில்லை. ஒரு மாதம் காய்ச்சல் ஏறும், மறு மாதம் இறங்கும். எங்கள் தோட்டத்தில் பத்திரிகை வந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாக்டரி சுப்பையா அதை உரக்க வாசிப்பார். தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்து வாசலில் எல்லோரும் உட்கார்ந்து கேட்பார்கள். கதையில் வரும் ஆஸ்பத்திரியும் எங்கள் ஆஸ்பத்திரி போலவே இருக்கும். வேறு ஆஸ்பத்திரி எனக்குத் தெரியாது.

ஒரு திங்கட்கிழமை, கொழுந்து கிள்ளுகிற ராமாயி காய்ச்சலோடு வந்தாள். கொயினா மருந்து கலந்து கொடுத்தேன். கிளாஸைக் கையில் வாங்கிக்கொண்டவள் குடிக்கவில்லை. மருந்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் மருந்தைப் பார்த்தாள். "கோவிச்சுக்காதீக சாமி. தெய்வானைக்கு மூணு மாசமாக் குடுத்தீகளே, அதே மருந்துதானா இது?"

அம்புஜத்தின் பேனா

கம்பவுண்டர் கையெழுத்தை இன்னொரு கம்பவுண்டர்தான் வாசிக்க முடியும். அதனால் ஒவ்வொரு அத்தியாயத்தையும் என் மனைவி அம்புஜம்தான் முத்துமுத்தாக நகல் எடுத்துக் கொடுப்பாள். நகல் மட்டுமா? "தெய்வானை இப்படிப் பேச மாட்டாள்" என்று அங்கங்கே மாற்றியும் விடுவாள். தெய்வானையின் சாமர்த்தியத்தில் பாதி அம்புஜத்தினுடையது என்பதை இத்தனை நாள் கழித்தாவது ஒப்புக்கொள்கிறேன்.

சாவு அத்தியாயத்தை எழுதி அவள் முன்னால் வைத்தேன். இரண்டு பக்கம் ஒழுங்காக எழுதினாள். மூன்றாவது பக்கத்தில் பேனாவை மூடிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆசிரியரின் கார்டை எடுத்துக் காட்டினேன். அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "மூணு வருஷமா என் கையால வளர்ந்தவளை என் கையாலயே கொல்லச் சொல்றேளா? நீங்களே எழுதி அனுப்புங்கோ. அச்சாபீஸ்காரனுக்குப் புரியலைன்னா அவளாவது பிழைச்சுப்போவாள்."

வேலந்தாவளம் சந்தையில்

அச்சாபீஸ்காரனுக்குப் புரிந்துவிட்டது. அந்த இதழ் வெளியான சமயம் நான் லீவில் ஊருக்கு வந்திருந்தேன். மாமனாருக்கு ஒரு கறவை மாடு வாங்க வேலந்தாவளம் சந்தைக்குப் போனேன். மாட்டுத் தரகர் ஒருவர், பழனியப்பன் என்று பெயர், பேச்சுவாக்கில் என் பெயரையும் உத்தியோகத்தையும் கேட்டார். சொன்னதும், பிடித்திருந்த மாட்டுக் கயிற்றை விட்டுவிட்டார்.

"தெய்வானை கதை எழுதற கம்பவுண்டருங்களா?"

பெருமையாக ஆமாம் என்றேன். அதற்கப்புறம் மாட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. பல்லைப் பிடித்துப் பார்க்கவில்லை, விலை சொல்லவில்லை. அவர் மனைவி படிப்பாளி போலிருக்கிறது. தெய்வானை செத்ததை வாசித்துவிட்டுப் படுத்தவள் சரியாக எழுந்திருக்கவில்லையாம். என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவார் போலிருந்தது. "ஏனுங்க சாமி, மாடு கெடக்குதுங்க, அது எங்கீம் போயிராது. ஊட்டுக்கு ஒரெட்டு வந்து, அந்தப் புள்ள சாவுலீன்னு என்ற ஊட்டுக்காரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருங்க."

முத்துக்கருப்பன்

இதுவரை சொன்னதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லலாம். இதை அப்படிச் சொல்ல முடியாது.

லீவு முடிந்து மலைக்குத் திரும்பிய மறுநாள் காலை, முத்துக்கருப்பன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டுகிறவர். அதிகம் பேசாத மனிதர். எழுதப் படிக்கத் தெரியாது. கையில் அந்த இதழ் இருந்தது. சுப்பையா வாசித்துக் கேட்ட இடத்தில் ஒரு பக்கம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. "ஒடம்புக்கு ஒண்ணுமில்ல சாமி. இந்த எடத்தை மட்டும் வாசிங்க" என்றார்.

வாசித்தேன். தெய்வானை சாகும்போது, தன் புருஷனுக்குச் சொல்லும்படி பக்கத்திலிருப்பவரிடம் சொல்கிற கடைசிப் பேச்சு அது: 'அவுககிட்டச் சொல்லுங்க. நான் போத்தியிருந்ததுன்னு இந்தக் கம்பளியைத் தூக்கிப் போட்டுறப் போறாக. துவைச்சு வெயில்ல காயவச்சு அவுக போத்திக்கிடணும். இந்த வருசம் குளிரு சாஸ்தி.'

"இது சீனியம்மா பேச்சு" என்றார் முத்துக்கருப்பன்.

சீனியம்மா அவர் மனைவி. போன வருஷம் மழைக்காலத்தில் எங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் காய்ச்சலில் இறந்துபோனாள். அன்றைக்கு அவர் எதிர்மலையில் வேலையாக இருந்தார். ஆள் அனுப்பி அவர் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவன் நான் ஒருவன்தான். அவள் சொன்னது அந்தக் கம்பளி வார்த்தைதான். அவர் வந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டு கதறியபோது சொல்ல வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம், காரியம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். நாளாக ஆக, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்று கூச்சம் வந்துவிட்டது. அப்புறம், தெய்வானைக்கு ஒரு கடைசி வார்த்தை தேவைப்பட்டபோது இது தானாக வந்து பேனாவில் நின்றது. நன்றாக இருக்கிறதே என்று எழுதினேன். அதைத் தவிர வேறு எதையும் நான் நினைத்துப் பார்க்கவில்லை என்பதுதான் வெட்கக்கேடு.

எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "அந்தக் கம்பளியை அவகூடவே குழியில வச்சு மூடிட்டேனே சாமி" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பத்திரிகையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தார். "எனக்குச் சொல்லச் சொன்னதை ஊருக்கெல்லாம் சொல்லிட்டு, எனக்கு மட்டும் சொல்லாம விட்டுட்டீகளே."

கடைசி அத்தியாயம்

இன்னும் ஒரே ஓர் அத்தியாயம் பாக்கி. தெய்வானையின் புருஷன் வெறுத்துப்போய்ப் பழனிக்குப் போய்ச் சாமியாராவதாக யோசித்து வைத்திருந்தேன். ஒரு வாரம் உட்கார்ந்தும் ஒரு வரி ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை முத்துக்கருப்பனைத் தேடி லயத்துக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒரு முக்காலியை எடுத்துப் போட்டு, பாலில்லாத தேயிலைத் தண்ணி கொடுத்தார். பிறகு, "தெய்வானை புருசன் இனி என்ன செய்வான்?" என்று கேட்டார். சொன்னேன். இல்லை என்று தலையை ஆட்டினார். "சாமியாராப் போயிட்டா அவ சொன்னதை யாரு செய்யிறது? கம்பளியைத் துவைக்கச் சொல்லுங்க. போத்திக்கிட்டு வேலைக்குப் போகச் சொல்லுங்க."

அப்படியே எழுதினேன். அந்த இதழ் வந்த ஞாயிற்றுக்கிழமை நானும் லயத்துக்குப் போய், கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன். புருஷன் கம்பளியை ஓடைத் தண்ணீரில் அலசி, பாறையில் விரித்து, காயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிற இடம் வந்தது. சுப்பையா வாசிப்பதை நிறுத்திவிட்டார். அதற்குள் சீனியம்மா விஷயம் லயம் முழுக்கத் தெரிந்திருந்ததால், எல்லோரும் முத்துக்கருப்பனையே பார்த்தார்கள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவனாவது செஞ்சானே, அது போதும். மேல வாசி சுப்பையா."

அதற்கப்புறமும் எத்தனையோ கதை எழுதினேன். ஆனால் யாரையாவது சாகடிக்கப் பேனாவை எடுத்தால் அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டு எழுதலாமென்று தள்ளிப்போட்டுவிடுவதால், என் கதாபாத்திரங்களில் முக்கால்வாசிப் பேர் தொண்ணூறு வயது தாண்டியும் திடகாத்திரமாக இருக்கிறார்கள்.