மூன்றாவது பல்பு

எங்கள் பக்கத்தில் கிணற்று மோட்டார் எரிந்துபோனால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. இன்ஜினியரிங் படித்த பையன்கள் என் கடையில் சம்பளத்துக்கு இருக்கிறார்கள். சந்தேகம் வந்தால், "அம்மா, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று என்னிடம்தான் வந்து நிற்பார்கள். மோட்டாருக்குள் சுற்றிய கம்பிக் காயிலை முகர்ந்து பார்த்தே எரிந்ததா, ஈரம் கோத்ததா என்று சொல்லிவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். பெருமைதான். ஆனால் அந்த எரிந்த வாடையை முதன்முதலில் எங்கே முகர்ந்தேன் என்று மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எண்பதுகளின் நடுவில், அதியமான்கோட்டைக்கு மேற்கே எங்கள் விவசாயக் காடு இருந்தது. அந்த நாளில் கரண்ட் எப்போது வரும், எப்படி வரும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். மோட்டார் ஓட மூன்று கம்பியிலும் கரண்ட் வர வேண்டும். ஒன்றில் வராவிட்டால் மோட்டார் சுற்றாது, உறுமும். உறுமியே எரிந்துபோகும். மழை பெய்யாத வருஷத்தில்கூட எங்கள் ஊரில் இரண்டு மோட்டாராவது புகைந்துவிடும்.

என் பெரியப்பா கோயம்புத்தூர் மில்லில் மோட்டார் ரிப்பேர் பார்த்தவர். வேலையை விட்டுவிட்டு வந்து, இரண்டு வருஷம் உட்கார்ந்து ஒரு பெட்டி செய்தார். பழைய மரப்பெட்டி, சீலிங் ஃபேன் காயில், சைக்கிள் பிரேக் கம்பியை வளைத்து ஓர் இரும்புக் கை. பெட்டிக்கு மேலே கம்பிக்கு ஒன்றாக மூன்று பல்பு. மூன்று கம்பியிலும் கரண்ட் வந்தால் அந்தக் கை தானாக இறங்கி ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை அழுத்தும். ஊரில் அவரைக் கரண்ட் பைத்தியம் என்றார்கள். இப்படி ஒன்றை அன்று எங்கள் பக்கத்தில் எவனும் யோசித்ததில்லை. இதை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

எனக்கு அந்தப் பெட்டியைப் பிடிக்கவே இல்லை. காரணம், எனக்குக் கைராசி. யார் கிணற்றில் மோட்டார் இறக்கினாலும் மஞ்சள் தண்ணீர் தெளித்து, கற்பூரம் காட்டி, பச்சைப் பொத்தானை அழுத்த என்னைத்தான் அழைத்துப்போவார்கள். தண்ணீர் கொட்டியதும் என் கை நிறைய பொரியும் வெல்லமும் விழும். ஒன்பது வயதில் எனக்கிருந்த உத்தியோகம் அது. இப்போது ஓர் இரும்புக் கை அதைப் பறிக்க வந்துவிட்டது.

பெட்டியைச் சோதித்துப் பார்க்க அத்தை வீட்டு மாமாதான் தன் கிணற்றைக் கொடுத்தார். ஓடினால் அக்கம்பக்கத்துக் கிணற்றுக்காரர்கள் எல்லாரும் ஆளுக்கொன்று வைத்துக்கொள்வதாகப் பேச்சு. ஓடாவிட்டால் பெரியப்பா பெட்டியை மூடிவிட்டு மில்லுக்கே திரும்ப வேண்டும். அத்தைக்கோ அந்த ஒரு கிணற்றை நம்பித்தான் தக்காளி பூவெடுத்து நின்றது.

காலை பத்து மணிக்குக் கரண்ட் முறை. ஊரே கிணற்று மேட்டில் நின்றது. "மோட்டார் கொட்டாய்க்குள்ள ஒருத்தரும் போகக்கூடாது. நானும் போகமாட்டேன். அப்பத்தான நம்புவீங்க" என்றார் பெரியப்பா.

கொட்டாய் வாசலில் தொங்கிய பல்பு எரிந்தது. கரண்ட் வந்துவிட்டது. குழாய் வாயையே எல்லாரும் பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை.

"என்னங்க மச்சான், பொட்டி இன்னும் பல்லு வெளக்கலயா?" என்றார் மாமா.

"பொறுங்க மாப்ள. அது பாத்துட்டுத்தான் போடும்."

"பாக்குறதுக்கு அது என்ன பொண்ணா?"

சிரித்தார்கள். பெரியப்பாவும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. உள்ளங்கையை வேட்டியில் துடைத்துத் துடைத்து நின்றார். அதைக் கண்டதும் பெட்டியின்மேல் எனக்கிருந்த கோபம் போய்விட்டது. பாவம் பெரியப்பா, என் கைராசியைச் சேர்த்துக்கொள்ளாததால்தான் இப்படி ஆகிறது என்று தோன்றியது.

கொட்டாயின் பின்பக்கத் தட்டியில் ஓர் ஓட்டை உண்டு. அதன் வழியாக நுழைந்தேன். பெட்டிமேல் இரண்டு பல்பு எரிந்தது. மூன்றாவது எரியவில்லை. பல்பு ஃபியூஸ் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இரும்புக் கை மேலேயே நின்றது. அதை ஒதுக்கிவிட்டுப் பச்சைப் பொத்தானை அழுத்தினேன்.

கிணற்றுக்குள் உறுமல் கேட்டது. வெளியே, "போட்ருச்சு, போட்ருச்சு" என்று கத்தினார்கள். தண்ணீர் வரவில்லை. அடிக்கடி ஃபியூஸ் போகிறது என்று மாமா நாலு கம்பியைச் சேர்த்து முறுக்கிப் போட்டிருந்தார். அதனால் அதுவும் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த வாடை வந்தது.

பெரியப்பா உள்ளே ஓடி வந்தார். என்னைப் பார்த்தார். மூன்று பல்பையும் பார்த்தார். என் விரலை எடுத்துவிட்டுச் சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.

"நீ இங்க வரவேயில்ல கண்ணு. வந்த வழியே போ."

நான் சுற்றிக்கொண்டு மேட்டுக்கு வந்தபோது அவர் கூட்டத்தின் நடுவே நின்றிருந்தார். "எம் பொட்டியிலதான் கோளாறு மாப்ள. தப்பா போட்ருச்சு."

"நான் அப்பவே சொன்னனுங்களே மச்சான்" என்றார் மாமா. அத்தை வீட்டுக்குப் போய்க் குடத்தை எடுத்து வந்து தக்காளிக்குத் தண்ணீர் சுமக்கத் தொடங்கினார். பாதிக் காடு காய்ந்தது.

என் வருத்தம் வேறு. மோட்டாரை உறுமவைத்தது நான். அந்தப் பேரையும் பெரியப்பா தன் பெட்டிக்கே வாங்கிக் கொடுத்துவிட்டார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

பெரியப்பா பெட்டியைப் பிரித்துக் காயிலைக் கழற்றினார். மரப்பெட்டியில் அத்தை மிளகாய் போட்டுவைத்தார். பெரியப்பா கடைசிவரை மில்லில் ரிப்பேர்காரராகவே இருந்து செத்தும் போனார். அவர் பேரில் ஒரு போல்ட் நட்டுகூடக் கிடையாது.

வெகுகாலம் கழித்து, நான் தனியாகக் கடை போட்ட பிறகு, ஒரு கம்பெனிக்காரர் சின்னதாக ஒரு பெட்டியைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். "மூணு கம்பியில ஒரு பேஸ் கரண்ட் வரலேன்னா இது மோட்டாரைப் போடவே விடாதுங்கம்மா" என்றார். சும்மா இருப்பதுதான் அதன் வேலை என்று விளக்கினார். எனக்கே பாடமா என்று கேட்க வாயெடுத்தவள், அன்று எரியாத மூன்றாவது பல்பு நினைவுக்கு வர, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இன்று நான் ஸ்டார்ட்டர் போர்டு மாட்டிய கிணறு ஒவ்வொன்றிலும் அப்படி ஒன்று இருக்கிறது. அதில்லாமல் என் கடையிலிருந்து எதுவும் வெளியே போகாது.

அன்று எரிந்த மோட்டாருக்குப் பெரியப்பாவே காயில் சுற்றிக் கொடுத்தார். பத்து நாள், அத்தை வீட்டு வாசலில், காலையிலிருந்து பொழுது சாயும்வரை. அதை மறுபடி கிணற்றில் இறக்கிய மறுநாள்தான் அவர் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினார். மோட்டார் இறக்கிய அன்று அத்தை என்னைத்தான் கூப்பிட்டு விட்டார். மஞ்சள் தண்ணீர், கற்பூரம், எல்லாம் பழையபடி. பெரியப்பா கையில் ஒற்றைப் பல்பை வைத்துக்கொண்டு மூன்று கம்பியிலும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். மூன்றிலும் எரிந்தது.

"இப்ப அழுத்து கண்ணு."

அழுத்தினேன். தண்ணீர் கொட்டியது. "புள்ள கைராசி கைராசிதான்" என்றார் மாமா. பெரியப்பா தலையைக் குனிந்தபடி பல்பின் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். தோற்றுப்போன வெட்கம் என்று நினைத்து, என் கையிலிருந்த பொரியில் அவருக்கும் ஒரு பிடி கொடுத்தேன்.