பாடினால் திறக்கும் கண்

பெண் பார்க்க மூன்று பேராகப் போகக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அப்பா, அம்மா, சித்தப்பா என்று எண்ணினால் மூன்று வந்தது. அதனால் நாலாவது ஆளாக என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த எனக்கு அது பெரிய கௌரவமாகப் பட்டது. அன்று என் வேலை தாம்பாளத்தில் இருக்கும் தேங்காயின் வேலைதான், வந்து உட்கார்ந்தால் போதும். ஆனால் தேங்காய் வாயைத் திறக்காது. நான் திறந்தேன்.

முதலில் சித்தப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் அப்பாவின் கடைசித் தம்பி. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே தறி போட்டுப் பட்டு நெய்துகொண்டிருந்தார். நல்ல வேலைக்காரர், யாரிடமும் அதிர்ந்து பேசமாட்டார். அவருடைய கண் மட்டும் அவர் பேச்சைக் கேட்காது. வெயிலில் இறங்கினால் மூடிக்கொள்ளும். யாராவது முகத்தை உற்றுப் பார்த்தால் மூடிக்கொள்ளும். அதுவும் சாதாரணமாக மூடாது. எலுமிச்சம்பழத்தைக் கடித்தவர் மாதிரி முகமெல்லாம் சுருங்கி இரண்டு இமையும் இறுகிக்கொள்ளும். அவரே நினைத்தாலும் திறக்க முடியாது. ஒரு கையால் இமையைத் தூக்கிப் பிடித்து, இன்னொரு கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர் கடைத்தெருவிலிருந்து வருவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. நந்தியாவட்டைப் பூவைக் கண்மேல் வைத்துக் கட்டினார்கள். பன்னீர் விட்டார்கள். அம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் சாத்தினார்கள். கடைசியில் ஒரு டாக்டரிடம் போனபோது அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். டார்ச்சைக் கண்டதும் கண் மூடிக்கொண்டது. விரலால் பிரித்துப் பார்த்துவிட்டு, கண்ணில் ஒரு கோளாறும் இல்லை, எல்லாம் மனசுதான், ஒரு கல்யாணத்தைச் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பினார். அந்தக் காலத்து டாக்டர்கள் எதற்கெல்லாம் கல்யாணத்தை எழுதிக் கொடுத்தார்கள் என்று நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

அந்தக் கண்ணுக்கு ஒரே ஒரு மருந்து இருந்தது. பாடினால் திறந்துகொள்ளும். எங்கள் தெருவுக்கு டிரான்சிஸ்டர் வந்த புதிது. அதில் வரும் சினிமா மெட்டுகளை எடுத்துக்கொண்டு, வார்த்தைகளைத் தானே போட்டு, தறியில் உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் சித்தப்பா பாடுவார். கண்ணில் பட்டதெல்லாம் பாட்டாகிவிடும். பூனை வந்தால் பூனை, மழை வந்தால் மழை. குரலைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை அந்தக் குரலைக் கேட்டால் பால் குடிப்பதை நிறுத்திவிடும் என்று அதன் அம்மா புகார் சொல்லிவிட்டுப் போவாள்.

பாடினால் திறக்கிறது என்பதே சித்தப்பாவுக்கு வினையாகப் போயிற்று. “பாடினா தொறக்குது, நிறுத்துனா மூடிக்குது. இது இன்னாடா நோவு? எல்லாம் கொழுப்பு” என்று அப்பா திட்டுவார். ஊரும் அதையேதான் சொன்னது. நான் அதைக் கொழுப்பு என்றும் நினைக்கவில்லை, நோவு என்றும் நினைக்கவில்லை. அது சித்தப்பாவின் வித்தை. தெருப் பிள்ளைகளை வாசலில் கூட்டிவைத்து, “பாடு” என்பேன், கண் திறக்கும். “நிறுத்து” என்பேன், மூடும். படுக்கவைத்தால் கண்ணை மூடும் பொம்மை ஒன்று வைத்திருந்த பணக்காரப் பெண் ஒருத்தி என் வகுப்பில் இருந்தாள். அவளிடம்கூட இப்படி ஒரு சித்தப்பா இல்லை. அவரும் என்னிடம் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

மாகறலில் ஒரு பெண் இருப்பதாகத் தகவல் வந்தது. அதற்கு முன்னால் இரண்டு இடம் பார்த்தாகிவிட்டது. ஒரு வீட்டில் மாப்பிள்ளை குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்றார்கள். இன்னொரு வீட்டில் திமிர் பிடித்தவர் என்றார்கள். இதுவும் தட்டிப்போனால் இனிமேல் நான் பெண் தேடி அலையமாட்டேன் என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் கண் விஷயத்தைக் கல்யாணம் முடியும்வரை மூச்சு விடுவதில்லை என்று வீட்டில் முடிவானது. கூலிங் கிளாஸ் போட்டுக்கொள்ளட்டுமா என்று சித்தப்பா கேட்டார். ரௌடி என்பார்கள் என்று அப்பா மறுத்தார். வெயில் தாழ்ந்த பிறகு போகலாம் என்பது அம்மாவின் யோசனை. “தம்பி, அங்க வந்து மட்டும் பாடித் தொலைக்காதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்” என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லியும் வைத்தாள்.

பஸ்ஸில் நான் சித்தப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் எனக்கு மட்டும் கேட்கும்படி, “பாப்பா, போன ரெண்டு எடத்துலயும் நான் பொண்ணு மொகத்தையே பாக்கல. இங்கயாச்சும் ஒருவாட்டி பாத்துடணும்” என்றார். பார்ப்பதற்குத்தானே போகிறோம், பார்த்தால் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மாகறல்காரர்கள் நல்ல மனிதர்கள். அந்த நல்ல குணம்தான் எங்களைக் கவிழ்த்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று யார் வீட்டிலிருந்தோ ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கை வாங்கிவந்து, காற்றடித்து, ஜகஜ்ஜோதியாக ஏற்றி, சித்தப்பாவின் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்து வைத்தார்கள். ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் பாதித் தெரு நின்று அவரையே பார்த்தது. சித்தப்பாவின் முகம் சுருங்க ஆரம்பித்தது. பெண் காபித் தட்டோடு வந்து நின்றபோது இரண்டு கண்ணும் இறுக்கமாக மூடிக்கொண்டிருந்தன.

அவள் ஒல்லியாக, உயரமாக இருந்தாள். வழக்கப்படி குனிந்த தலையோடு வந்தவள், யாரும் எதுவும் பேசாததால் மெதுவாக நிமிர்ந்து பார்த்தாள். தன்னைப் பார்க்க வந்தவர் முகத்தைச் சுளித்துக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. தட்டில் இருந்த டம்ளர்கள் கடகடவென்று ஆடின. அவளுடைய அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. “பொண்ணு புடிக்கலன்னா வாயால சொல்லிடணும். இப்படிக் கண்ண மூடிக்கினு ஒக்காந்தா இன்னா அர்த்தம்?” என்று எழுந்துவிட்டார்.

சித்தப்பாவின் நெற்றியில் வியர்வை வழிந்தது. அப்பா ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுப்பதற்குள் அந்தக் குரல் கிளம்பிவிட்டது.

“தட்டுல காப்பி ஆடுது, தளும்பித் தளும்பி ஆடுது
பெட்ரோமாக்ஸு வெளிச்சத்துல கண்ணு ரெண்டும் கூசுது
நில்லு நில்லு கொஞ்சம் நில்லு, இப்பத்தான் மொகம் தெரியுது!”

கண் திறந்துகொண்டது. அவர் பெண்ணைப் பார்த்தார். பாட்டு முடிந்தது, கண் மூடிக்கொண்டது. அவசர அவசரமாக மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். மறுபடி பார்த்தார். ஜன்னலில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பெண்ணின் அப்பா, “பொண்ணு பாக்க வந்தீங்களா, கச்சேரி வெக்க வந்தீங்களா?” என்று கத்தினார்.

சித்தப்பாவின் வித்தை இவர்களுக்குத் தெரியாதே, தெரிந்தால் சந்தோஷப்படுவார்களே என்று எனக்கு ஒரே ஆர்வம். எழுந்து நின்று, “எங்க சித்தப்பாவுக்குப் பாடினாத்தான் கண்ணு தொறக்கும்! நிறுத்துனா மூடிக்கும்! வேணும்னா நிறுத்தச் சொல்லிப் பாருங்க!” என்று பெருமையாகச் சொன்னேன். அம்மா என் தொடையில் கிள்ளிய இடம் ரொம்ப நாள் கன்றிப்போய் இருந்தது.

சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது. பெண் தட்டோடு உள்ளே போய்விட்டாள். அப்பா என் பக்கம் திரும்பாமலேயே எழுந்து செருப்பைத் தேடினார். சித்தப்பா அசையவில்லை. மூடிய கண்ணோடு, இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அதற்கு முன்னால் அவரை அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்தது. ஏன் வந்தது என்று தெரியாததால் கிள்ளு வலிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது பெண் தட்டில்லாமல் வெளியே வந்தாள். யாரையும் கேட்கவில்லை. பெட்ரோமாக்ஸைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சித்தப்பாவின் முதுகுக்குப் பின்னால் வைத்தாள். வெளிச்சம் இப்போது அவள் நின்ற இடத்தில் விழுந்தது. அங்கே போய்த் தலையை நிமிர்த்தி நின்றுகொண்டு தன் அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். அந்த அம்மாள், “இன்னொருவாட்டி பாடச் சொல்லுதுங்க எங்க பொண்ணு” என்றார்.

பெண் பார்க்கிற இடத்தில் பெண்ணைப் பாடச் சொல்லித்தான் எல்லோரும் கேட்டிருப்பார்கள். மாப்பிள்ளையைப் பாடச் சொன்னது எங்கள் பக்கத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். சித்தப்பா பாடினார். அவசரமில்லாமல் நிதானமாக, பஜ்ஜி, ஜன்னல், மாட்டுக் கொட்டகை, பெண்ணின் தலையில் இருந்த கனகாம்பரம் எல்லாவற்றையும் சேர்த்து நீளமாகப் பாடினார். அவள் கடைசிவரை தலையைக் குனியவில்லை. எனக்குச் சலித்துப்போய், யாரும் தொடாமல் இருந்த பஜ்ஜியைத் தின்ன ஆரம்பித்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மாவிடம், அந்தப் பெண்ணுக்குப் பாட்டு என்றால் என்னவென்றே தெரியவில்லை, இதைப் போய் இரண்டாவது தடவை கேட்கிறாளே என்று சொன்னேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள்.

கல்யாணம் நடந்தது. கண் சரியாகவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து கண்ணுக்கு வேலை செய்யாவிட்டாலும் மற்ற எல்லாவற்றுக்கும் வேலை செய்தது. சித்தப்பா எப்போதும் சிரித்த முகமாக இருந்தார். சித்திக்குத்தான் பாட்டுப் பைத்தியம் முற்றிவிட்டதாக எனக்குத் தோன்றியது. ரோட்டைக் கடக்கும்போது, “இன்னாங்க, ஒரு பாட்டு பாடுங்களேன்” என்பாள். பந்தியில் இலை போட்டதும் பாடச் சொல்வாள். கோயில் படி ஏறும்போது பாடச் சொல்வாள். கருட சேவைக் கூட்டத்தில் பெருமாள் வரும் நேரம் பார்த்து, “இப்போ பாடுங்க” என்று அவர் தோளைத் தட்டுவாள். அவர் தொண்டை கிழியப் பாடுவார், ஜனங்கள் பக்திமான் என்று நினைத்து வழிவிடுவார்கள். நானும் வளர்ந்து காலேஜுக்குப் போகிற வயது வந்தபோது, இவர்களோடு வெளியே போவதற்கே வெட்கப்பட்டேன். ஊர் உலகத்தில் சித்தப்பாவின் குரலை ரசிக்கிற ஒரே ஜீவன் சித்திதான் என்று முழுசாக நம்பினேன்.

ரொம்ப வருஷங்களுக்குப் பிறகு, இரண்டு பேருக்கும் தலை நரைத்தபின், சென்னையில் ஒரு கண் டாக்டரிடம் நான்தான் அவர்களை அழைத்துப் போனேன். சின்னப் பெண். டார்ச்சைக் கையில் எடுப்பதற்கு முன்னாலேயே, “பாடினா, எதையாச்சும் மென்னா கண் திறக்குதா ஐயா?” என்று கேட்டாள். சித்தப்பா தலையை ஆட்டினார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அந்தக் கேள்வியைச் சிரிக்காமல் கேட்ட முதல் டாக்டர் அவள்தான்.

கண் நன்றாகத்தான் இருக்கிறது, இமையை மூடுகிற தசைக்கு மூளையிலிருந்து வேண்டாத நேரத்தில் கட்டளை வருகிறது, இது நடிப்பும் இல்லை, மனக்கோளாறும் இல்லை என்று அவள் விளக்கினாள். அதற்கு ஒரு ஊசி வந்திருக்கிறதாம். கெட்டுப்போன சாப்பாட்டில் உண்டாகிற கொடிய விஷத்தையே சுத்தம் செய்து, துளியிலும் துளியாக இமையைச் சுற்றிப் போட்டால், இறுகின தசை தளர்ந்துவிடுமாம். திருகிக்கொண்ட கழுத்துக்கும், பக்கவாதத்தில் மடங்கிப்போன கைக்கும்கூட அதைத்தான் போடுகிறார்களாம். மூன்று நாலு மாசத்தில் வேகம் குறைந்துவிடும், மறுபடி வந்து போட்டுக்கொள்ள வேண்டும் என்றாள். விஷம் என்றதும் சித்தி பயந்துவிட்டாள். சித்தப்பாதான், “போடும்மா” என்றார்.

போட்டதும் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வாரம் கழித்து அவர்களைப் பார்க்கப் போனேன். முற்றத்தில் நல்ல வெயில். சித்தி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதிரே சித்தப்பா வாயை மூடிக்கொண்டு, கண்ணை அகலத் திறந்து அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பழைய வழக்கத்தில், “முருங்கக்கீரை உருவுது” என்று இழுத்து ஒரு பாட்டை ஆரம்பித்தார்.

சித்தி எழுந்து ஓடிவந்து கீரைக் கையாலேயே அவர் வாயைப் பொத்தினாள். “ஐயோ, போதும்ங்க! இத்தினி வருசமா கேட்டுக் கேட்டு என் காது புளிச்சுப் போச்சு!” என்று சொல்லிவிட்டு, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். அவளுக்கு அந்தப் பாட்டு ஒருநாளும் பிடித்ததில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.