முன்கூட்டிக் கொடுத்த முடி

இந்தச் சனிக்கிழமை பஜனையில் நீங்கள் ஒவ்வொருவராக எழுந்து, பெருமாள் உங்களுக்குச் செய்ததைச் சொல்கிறீர்கள். கேட்டுக் கேட்டு எனக்கும் வாய் துறுதுறுத்துவிட்டது. என் கதையில் பக்தி கொஞ்சம்தான், வயிற்றெரிச்சல்தான் அதிகம். அதை மறைத்துச் சொன்னால் அவர் செய்ததும் சேர்ந்து மறைந்துபோகும். அதனால் உள்ளது உள்ளபடியே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் பச்சையம்மாள். நகரியில் நெசவுக் குடும்பம். சித்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். ஆந்திர ராஜ்யம் பிரிந்து மூன்றாவது வருஷம் அது. திருத்தணி எந்தப் பக்கம் போகும் என்று ஊரெல்லாம் வாய்ச்சண்டை. எங்கள் வார்டில் மட்டும் வேறு பேச்சு ஓடியது. சீமைக்குப் போகப்போவது யார்?

சீமை ஆஸ்பத்திரிகளில் நர்ஸுகள் போதவில்லையாம். மெட்ராஸுக்கே வந்து ஆள் பார்த்து எடுக்கிறார்களாம். இங்கே போதுமா என்று யார் கேட்டார்கள்? இரண்டு வார்டுக்கு ஒருத்தி நின்று மாரடித்தோம். போனவள் இடத்துக்கு வேறு ஆள் வரவே இல்லை. அதனால் எனக்கும் போய்விடத்தான் ஆசை. கப்பல், கம்பளிக் கோட்டு, வெள்ளை வெளேரென்ற வார்டு என்று கனவில்கூட அதுதான்.

என்னோடு சரோஜா என்று ஒருத்தி இருந்தாள். புத்தூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். என்னைவிட இரண்டு வருஷம் இளையவள், அக்கா அக்கா என்று ஒட்டிக்கொள்வாள். அவள் ஊசி போட்டால் நோயாளி அலறுவான். நான் போட்டால் போட்டதே தெரியாது. ஆனாலும் டாக்டர்கள் வாயில் வருவது சரோஜா பெயர்தான். எப்போதும் பல்லைக் காட்டிச் சிரிப்பாள், நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசுவாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் இரண்டு பேரையும் ஒரே நாளில் மெட்ராஸுக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

சரோஜா திருத்தணி முருகனுக்கு வேண்டிக்கொண்டாள். வேலை கிடைத்தால் காவடி எடுக்கிறேன் என்றாள். நான் ஏழுமலையானுக்கு முடி தருவதாக வேண்டிக்கொண்டேன். அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. எல்லோரும் காரியம் நடந்த பிறகுதான் கொடுக்கிறார்கள். நான் முதலிலேயே கொடுத்துவிட்டால்? வாங்கிக்கொண்ட பெருமாள் கைவிரிக்க முடியுமா? சரோஜா பிறகு தருகிறேன் என்கிறாள், நான் முன்னாலேயே தந்துவிடுகிறேன். நியாயம் என் பக்கம்தானே?

அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர்தான் துணைக்கு வந்தார். மலைக்குப் பஸ் ஏறும்வரை புலம்பிக்கொண்டே இருந்தார்.

"இன்னாத்துக்கும்மா இப்பவே? கப்பல் ஏறினப்புறம் குடுத்தா ஆவாதா?"

"கப்பல் ஏறிட்டா திருப்பதிக்கு எப்பிடி வர்றது நைனா?" என்றேன். மனுஷன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறினார்.

இடுப்புவரை இருந்த முடி. சரோஜாவுக்குத் தோளைத் தாண்டாது. அவளைவிட என்னிடம் கூடுதலாக இருந்தது அது ஒன்றுதான், அதையும் வழித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். வார்டில் நர்ஸ் தொப்பி தலையில் நிற்கவில்லை. பின் குத்த முடி வேண்டுமே. பேண்டேஜ் துணியைக் கிழித்துத் தாடையோடு கட்டிக்கொண்டு டூட்டி பார்த்தேன். சரோஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிடி சிரி, சீமையிலிருந்து நான் சிரிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மெட்ராஸில் ஒரு வெள்ளைக்கார அம்மாவும் நம்மூர் டாக்டர் ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மற்றவர்களுக்கெல்லாம் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். என்னைக் கண்டதும் அந்த அம்மா டாக்டர் காதில் ஏதோ கேட்டாள். டாக்டர் என் தலையைப் பார்த்தார்.

"ஜுரத்துல கிடந்தியாம்மா?"

"இல்லை சார், வேண்டுதல்" என்றேன்.

"வயசுப் பொண்ணு, உடம்புக்கு ஒண்ணும் வராமலா மொட்டை போட்டுக்கிட்டே?"

எதற்கு என்று எப்படிச் சொல்வேன்? உங்கள் வேலை கிடைக்கத்தான் என்று அவர்களிடமே சொல்ல முடியுமா? வேண்டுதல் சார், வேண்டுதல் என்றே திரும்பத் திரும்பச் சொன்னேன். நான் எதையோ மறைப்பதாக நினைத்து அவர் எக்ஸ்ரே எடுக்க எழுதிக் கொடுத்துவிட்டார். அத்தனை பேரில் எனக்கு ஒருத்திக்குத்தான்.

மறுநாள் படம் வந்தது. வலது நுரையீரலில் நிழல். டி.பி. இருமல் இருந்தது உண்மைதான். வார்டுத் தூசு என்று விட்டிருந்தேன். சரோஜாவுக்குச் சீமை என்றும் எனக்கு சானடோரியம் என்றும் ஆயிற்று. திரும்பி வரும் ரயிலில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஜெயித்தவளுக்கு அழுகை என்ன கேடு?

மதனப்பள்ளிப் பக்கம் சானடோரியத்தில் சேர்த்தார்கள். தாழ்வாரத்தில் வரிசையாகக் கட்டில்கள். தினம் ஊசி, கை நிறைய மாத்திரை. சரோஜா கப்பலேறிவிட்டாள் என்று பார்க்க வந்த ஒருத்தி சொன்னாள். அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை. பெருமாளோடு சண்டை போட்டேன். உன்னை என்ன கேட்டேன்? கப்பல் கேட்டேன். நீ என் நெஞ்சுக்கூட்டைப் படம் பிடித்துக் கையில் கொடுத்தாய். முடியும் போச்சு, சீமையும் போச்சு, இனி உன் மலைப்பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்றேன்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு டீச்சரம்மா இருந்தாள். ரத்தம் கக்க ஆரம்பித்த பிறகுதான் அவளைக் கொண்டுவந்தார்கள். ஒரு காலையில் அவள் கட்டில் காலியாக இருந்தது. போர்வையை வெயிலில் போட்டிருந்தார்கள். நான் நர்ஸ், எத்தனையோ சாவு பார்த்தவள். ஆனாலும் அன்று அந்தக் கட்டிலைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அந்த நேரம் பெரிய டாக்டர் வந்து என் நாடியைப் பிடித்துப் பார்த்தார். தெலுங்குக்காரர், நம் தமிழும் கலந்து பேசுவார்.

"பயப்படாதம்மா. அந்தம்மா லேட்டு. ரத்தம் வர்றதுக்கு முந்தியே வந்தவ இங்க நீ ஒருத்திதான். எவரு பம்பிஞ்சாரு, யாரு அனுப்சது உன்ன?"

மெட்ராஸ் டாக்டர் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த டாக்டரை யார் பார்க்க வைத்தது? என் மொட்டைத் தலை. அதை யார் வாங்கிக்கொண்டது? அழுதேன். அப்புறம் கும்பிட்டேன். சாமி, சீமையைப் பிறகு பேசிக்கொள்ளலாம், இப்போது என் மூச்சை மட்டும் விட்டுவை என்று கேட்டேன்.

விட்டுவைத்தார். வருஷம் திரும்புவதற்குள் எழுந்து நடந்தேன், பிறகு பழைய வார்டுக்கே வேலைக்கு வந்தேன். நுரையீரலில் தழும்பு இருந்ததால் சீமைக்காரர்கள் என்னை அப்புறம் தொடவே இல்லை. என் கண் முன்னாலேயே ஒருத்தி மாற்றி ஒருத்தி போனாள். போகிறவள் ஒவ்வொருத்தியையும் முதலில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வா என்று விரட்டினேன். இருமிக்கொண்டு வருகிற நோயாளியையும் அப்படித்தான். எனக்குக் கிடைத்ததை நான் கொடுக்கும் வழி அது. ஆனால் வயிற்றெரிச்சல் போனதா என்றால், போகவில்லை.

எல்லைத் தகராறு தீர்ந்து, திருத்தணி மெட்ராஸோடு சேர்ந்த சமயத்தில் சரோஜா லீவில் வந்தாள். பூசினாற்போல உடம்பு, கையில் தங்கக் கடிகாரம், பக்கத்தில் வந்தாலே சோப்பு வாசனை. பனி இப்படி விழும், அப்படி விழும் என்று அளந்தாள். கேட்டுக்கொண்டே வெந்தேன். மலைக்கு நடந்து போகலாம் அக்கா என்று அவளேதான் கூப்பிட்டாள். மலையடியில், அலிபிரியில் படி ஏற ஆரம்பித்தோம். வழியில் இருக்கிற காலி கோபுரம் வருவதற்குள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ ஏறிக்கினே இரு அக்கா. எனக்கு மூச்சு வாங்குது. அங்க எங்க போனாலும் லிப்டு. படியேறதே மறந்துபோச்சி."

லிப்டு என்றதும் அதற்கும் எனக்கு ஒரு பொறாமை வந்தது. அந்தப் பொறாமையோடுதான் மேலே ஏறினேன். பத்துப் பதினைந்து படி போயிருப்பேன், அப்போதுதான் கவனித்தேன். எனக்கு இரைக்கவில்லை. மூச்சு இழுத்தால் வருகிறது, விட்டால் போகிறது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று கோவிந்தா என்று கூப்பிட்டேன். சத்தம் மலையில் நன்றாகக் கேட்டது.

உங்களுக்கும் சொல்கிறேன். மனசு சுத்தமான பிறகு கேட்கலாம் என்று காத்திருக்காதீர்கள். எரிகிற வயிற்றோடே போய்க் கேளுங்கள். நீங்கள் கேட்டதை விட்டுவிட்டு, உங்களுக்கு எது இல்லையென்றால் ஆகாதோ அதை அவர் எடுத்துக் கொடுப்பார். எனக்குச் சீமையைக் கொடுக்கவில்லை. சரோஜாவைப் பார்த்துப் பொறாமைப்பட இன்னும் எத்தனையோ வருஷம் கொடுத்திருக்கிறார்.