நாலு விரக்கடை

கன்னியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் என் முட்டாள்தனத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. வேறு வழியில்லை.

போன வருஷம் பெங்களூர்க்காரர் ஒருவரிடம் பழைய செடான் கார் ஒன்று வாங்கினேன். எஞ்சின் நாலு சக்கரத்தையும் சேர்த்து இழுக்கும் வகை. மலையில் ஏறும்போது வழுக்கவே வழுக்காது என்று விற்றவர் சத்தியம் பண்ணினார். "பருத்திப்பட்டு ஏரிக்கரையில எந்த மலைங்க இருக்கு?" என்று என் மனைவி வித்யா கேட்டாள். இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் நான் பதில் சொல்வதில்லை.

வண்டியில் எனக்கு ஒரே குறை. பின்னாலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளடங்கி, காய்ச்சலில் கிடந்து எழுந்தவன் கன்னம் மாதிரி ஒட்டிப்போய்த் தெரிந்தன. அகலமான வீலும் டயரும் போட்டால் கும்மென்று இருக்கும். பழைய டயரில் 225/45 என்று எழுதியிருந்தது. 225 என்பது மில்லிமீட்டரில் அகலம். நான் 255/45 ஆர்டர் போட்டேன். அகலம் மட்டும்தானே கூடுகிறது, 45 அதே 45தானே, உயரம் மாறாது என்பது கம்ப்யூட்டர் கம்பெனியில் பதினோரு வருஷம் குப்பை கொட்டிய ஸ்ரீநாத் என்கிற என் கணக்கு. வீலில் டயர் மாட்டி, காற்றடித்து, நாலும் வந்து இறங்கின. "லாரி வாங்கிட்டீங்களா சார்?" என்றார் வாட்ச்மேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு நாலையும் காருக்குள் திணித்துக்கொண்டு கன்னியம்மா டயர் கடைக்குப் போனேன். ஷட்டர் மூடியிருந்தது. வாசலில் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்து அந்தம்மா கடலை கொறித்துக்கொண்டிருந்தார்.

"கடை லீவாம்மா?"

"லீவு இல்ல சார். சாவி என் கொழுந்தன்கிட்ட கீது. வந்துகினே கீறான்."

"உங்க கடைக்கு அவர்கிட்ட எதுக்கு சாவி?"

"அத்த நீயே அவன்கிட்ட கேளு. நான் ஆறு வருசமா கேட்டுகினு கீறேன்."

காத்திருந்த நேரத்தில் கதையைச் சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால் அண்ணனூர் ஸ்டேஷனில் பூ விற்றவர். வாக்கப்பட்டது பருத்திப்பட்டில் நெல் விளைவித்த குடும்பம். நிலமெல்லாம் அடுக்குமாடியாகிப் போக, ரோட்டோரம் மிஞ்சிய துண்டு இடத்தில் கணவர் ஜம்புலிங்கம் பஞ்சர் கடை போட்டார். வீல் கழற்றுவதில் ஆரம்பித்து அலைன்மென்ட் வரை கூடவே நின்று இந்தம்மாவும் கற்றுக்கொண்டார். ஆறு வருஷத்துக்கு முன்னால் மாரடைப்பில் அவர் போய்விட்டார். இடம் அவர் தம்பி பாண்டியன் பேரில் இருந்தது. "கடைய நீங்க பாருங்க அண்ணி, சாவி என்கிட்ட இருக்கட்டும்" என்றாராம் பாண்டியன். அன்றிலிருந்து தினமும் காலையில் இந்தம்மா வாசலில் காத்துக் கிடக்கிறார். எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

அப்போது ஒரு வெள்ளை ஜீப் மாதிரிப் பெரிய கார் ரோட்டிலிருந்து திரும்பியது. திரும்பும்போது 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். அம்மி அரைப்பது போல. கன்னியம்மா கொறிப்பதை நிறுத்தினார், சத்தம் அடங்கியதும் மறுபடி கொறித்தார்.

இறங்கியவர்தான் பாண்டியன். கார்ச் சாவியும் கடைச் சாவியும் ஒரே வளையத்தில் தொங்க, ஷட்டரைத் திறந்தார். என் வண்டியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"சார், நல்ல நேரத்துல வந்தீங்க. இந்த எடத்த காபிக்கடைக்கு கேக்கறாங்க. சாயந்தரம் அஞ்சு மணிக்கு அட்வான்ஸோட வர்றாங்க. அண்ணி கடைக்கு பைக்கும் ஆட்டோவும்தான் வருது. அபார்ட்மென்ட்காரங்க எல்லாம் ஏசி போட்ட கடைக்கு பூட்றாங்க. அதான் சொல்லிட்டேன், இன்னிக்கு அஞ்சுக்குள்ள ஒரு பெரிய வண்டியாச்சும் அண்ணிய நம்பி வீல் மாத்திக்கினு போவட்டும், கடைய நான் தொடல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கன்னியம்மா சிரிக்கவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு என் புது வீல் ஒன்றைக் காரிலிருந்து இறக்கினார். ஆகா, நம்மால் ஒரு கடை பிழைக்கப் போகிறது என்று எனக்கு ஒரே பெருமை.

பெருமை பத்து நிமிஷம் நிலைத்தது. வண்டியை ஜாக்கியில் ஏற்றுவதற்குப் பதிலாக அந்தம்மா டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை எடுத்தார். தரையில் சாக்பீஸால் ஒரு கோடு. ஸ்டெப்னியின் அடியில் ஒரு புள்ளி. புள்ளியைக் கோட்டில் வைத்து, சக்கரத்தை ஒரே ஒரு முழுச் சுற்று உருட்டி, புள்ளி மறுபடி தரை தொட்ட இடத்தில் இன்னொரு கோடு. என் புது வீலையும் அதே கோட்டிலிருந்து உருட்டி, முடிந்த இடத்தில் மூன்றாவது கோடு போட்டார். பிறகு இடுப்பிலிருந்து பூ கட்டும் நூலை எடுத்து, கோட்டுக்குக் கோடு பிடித்து முழம் போட்டார்.

"பூக்கார முழமா? குறையுமே" என்றேன் கிண்டலாக.

"பூவுக்குத்தான் நைனா கை குறுகும். டயருக்கு குறுகாது."

பழையது நாலரை முழத்துக்குச் சற்றுக் குறைவு. புதியது அதையும் தாண்டிப் போனது. இரண்டு சக்கரமும் முடிந்த கோடுகளுக்கு நடுவில் விரல்களை வைத்துக் காட்டினார். சரியாக நாலு விரல்.

"நாலு விரக்கடை ஜாஸ்தி. இத்த மாட்ட முடியாது, எடுத்துகினு போ."

"45 அதே 45தானேம்மா?"

"இன்னா படிச்ச நீ? அகலத்துல நூத்துக்கு நாப்பத்தஞ்சு பங்கு உயரம்னு அர்த்தம் அது. அகலம் ஏறுனா உயரமும் ஏறும். நாலு பேரு உக்காந்து பள்ளத்துல எறங்குனா உள்ள உரசும். அத்த வுடு. நாலு வாங்குனியே, ஸ்டெப்னி இன்னா?"

"பழைய ஸ்டெப்னிதான் இருக்கே."

"அய்ய! நாலும் ஒண்ணா இழுக்கற வண்டி இது. பஞ்சராச்சுனா பழச மாட்டுவ. மூணு சக்கரம் நீட்டா அடி வைக்கும், ஒண்ணு சுத்துக்கு நாலு விரக்கடை குட்டையா வைக்கும். சாமி தூக்கறப்ப நாலுல ஒருத்தன் குள்ளனா இருந்தா இன்னா ஆவும்? அப்புடியே நீ திருநின்றவூர் வரைக்கும் ஓட்டிகினு போனா உள்ள கீற கியர் பல்லெல்லாம் தேஞ்சு பூடும்."

பாண்டியனுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணி, வந்த வண்டிய தொரத்தாதீங்க. அவரு கேக்கறாரு, மாட்டி வுடுங்க. உரசுனா அவரு பாடு."

எனக்குச் சுருக்கென்றது. சாயந்தரம் அஞ்சு மணி ஞாபகம் வந்தது. "பரவாயில்லம்மா, மாட்டிடுங்க. நான் பஞ்சரே ஆகாம ஓட்டிக்கிறேன்" என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு பெரிய உளறல் என்று தெரிந்தது.

கன்னியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "எனக்காக உன் வண்டிய கெடுத்துக்கிறியா? கடை போனா போவுது. அண்ணனூர்ல மறுபடி பூ விப்பேன். நான் மாட்டுன வீலு உரசிகினு ரோட்ல போவக்கூடாது. 245/40 வாங்கியா. அது ஒரு விரக்கடைதான் மாறும். வழியில பஞ்சரானாலும் பழச மாட்டிகினு மெதுவா ஊடு போய் சேந்துடலாம்."

வீலைத் திரும்ப என் காரில் ஏற்றினார். வெட்கமாக இருந்தது, ஒரு பக்கம் கோபமாகவும் இருந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

பாண்டியன் விடுவிடுவென்று போய்த் தன் காரில் ஏறினார். "நாயத்த பேசியே கடைய மூடுங்க" என்று ஜன்னல் வழியாகக் கத்திவிட்டு, ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பினார்.

கர்ர்ர்ர்.

வண்டி நின்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டேன். கன்னியம்மா தரையிலிருந்த சாக்பீஸை எடுத்துக் காதோரம் செருகிக்கொண்டார், அவ்வளவுதான்.

பாண்டியன் மெல்ல இறங்கினார். முன் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். டயரின் ஓரம் சீவிய பென்சில் மாதிரி தேய்ந்திருந்தது.

"அண்ணி... என்னுது எத்தினி விரக்கடை?"

"ஆறு மாசமா நீ வரச்சொல்ல ஒரு தபா, போவச்சொல்ல ஒரு தபா அந்த சத்தத்த கேட்டுகினுதான் கீறேன். நீ கேட்டாதான சொல்றது?"

"ஏசி கடைல பெருசு மாட்டுனாலும் ஒண்ணும் ஆவாதுன்னாங்க."

"சொல்வாங்க. கழட்டுன பழைய வீலு நாலையும் இங்க கொண்டாந்து போட்டு, காயலாங்கடைக்கு தள்ளிடுன்னியே. தள்ளல. உள்ளதான் கீது. சாவிய குடு."

அவர் சாவி வளையத்தை நீட்டினார். கன்னியம்மா வண்டியை உள்ளே ஏற்றினார். நானும் கையை மடித்துவிட்டுக்கொண்டு பழைய வீல்களை ஒவ்வொன்றாக உருட்டிக் கொடுத்தேன். கூலி கேட்காத வேலையாள். பாண்டியன் ஸ்டூலில் உட்கார்ந்து, அண்ணி ஒவ்வொரு நட்டாக முடுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு மணிக்கெல்லாம் வேலை முடிந்தது. கையைத் துடைத்துக்கொண்டு கன்னியம்மா சாவியைக் கொடுத்தார். பாண்டியன் வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். வளையத்தில் கார்ச் சாவி மட்டும்தான் இருந்தது.

"ஒண்ணு குறையுதே அண்ணி."

"ஒரு பெரிய வண்டி என்ன நம்பி வீல் மாத்திக்கினு போவுதுல்ல? அது கடை சாவி. கடைலயே இருக்கட்டும்."

பாண்டியன் வளையத்தைத் திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் அவசரமாக என் காருக்குள் எதையோ தேடினேன். பிறகு அவர் போய் வண்டியில் ஏறி, ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் முழுக்க ஒடித்தார், அந்தப் பக்கம் முழுக்க ஒடித்தார். ஒரு சத்தமும் இல்லை. அதனால், அவர் போனை எடுத்துக் காபிக்கடைக்காரரிடம் "வேற எடம் பாருங்க" என்று சொன்னது எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாகவே கேட்டது.